ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை: சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் நீரோட்டத்தை வரைபவர்கள்

கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில் நீர் நிற்கும் நேரம் மிகக் குறைவு. பசிபிக் பெருங்கடலும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவும் சந்திக்கும் அந்த வாய், குறுகலான இடத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் அகலம்தான். ஆழமோ 113 மீட்டர். ஓர் ஏற்றத்தில் உள்ளே புகுந்து அடுத்த வற்றத்தில் வெளியேறும் நீர் சுமார் 200 கோடி கன மீட்டர். அத்தனையும் இந்த இடுக்கு வழியாகத்தான் போய்வர வேண்டும். வற்றத்தின் உச்சத்தில் நீரின் வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டரைத் தாண்டுகிறது. நூறு மீட்டர் நீச்சலில் உலகச் சாதனை படைத்தவர் எதிர்த்து நீந்தினாலும் பின்னோக்கித்தான் போவார். வாய்க்கு வெளியே கடலடி மணல் பத்து மீட்டர் உயரம்வரை மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது; அதுவும் இந்த ஓட்டம் செய்த வேலைதான்.

இந்த நீரின் மேல்தான் ஓக்லண்டுக்குப் போகும் கன்டெய்னர் கப்பல்கள், ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலைக்கு வரும் எண்ணெய்க் கப்பல்கள், அலுவலகம் செல்வோரை ஏற்றிய ஃபெர்ரிகள், பாய்மரப் படகுகள், நண்டுப் படகுகள், குளிர்நீரில் நீந்தும் பிடிவாதக்காரர்கள் எல்லோரும் போகிறார்கள். கிளம்புமுன் இவர்களில் பலர் திரையில் ஒரு வரைபடத்தைப் பார்க்கிறார்கள். விரிகுடா முழுக்க அம்புக்குறிகள். அம்பின் திசை நீர் போகும் திசை, அதன் நீளம் அல்லது நிறம் வேகம். காசு கிடையாது, கடவுச்சொல் கிடையாது. யாரும் பார்க்கலாம்.

ஓர் அம்பு திரையில் தோன்றுவதற்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கணினித் திரை நமக்கு எதையும் எளிதாகக் காட்டிப் பழக்கிவிட்டது. அந்த எளிமைக்குப் பின்னால் நனைந்தவர்கள், கணக்குப் போட்டவர்கள், இரவு விழித்துத் தரவைச் சரிபார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை.

அட்டவணை போதாதா?

ஏற்ற வற்ற நேரங்களை நிலவையும் சூரியனையும் வைத்து ஆண்டுக்கணக்கில் முன்பே கணித்து அச்சிட்டுவிடலாம். பிறகு எதற்கு ஓயாமல் அளக்க வேண்டும்?

நீர்மட்டம் வேறு, நீரோட்டம் வேறு என்பது முதல் காரணம். நீர் உச்சத்துக்கு ஏறியதும் ஓட்டம் நின்றுவிடும் என்று தோன்றும். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதியில் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. வடபகுதியில் அலை முன்னேறிக்கொண்டே போவதால் மட்டமும் ஓட்டமும் வெவ்வேறு நேரத்தில் திரும்புகின்றன. கரையோரம் ஓட்டம் முதலில் திரும்பும், நடுவாய்க்கால் பிறகுதான் திரும்பும். கனமான உப்பு நீர் அடியில் இருப்பதால், மேலே இன்னும் வற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் ஏற்றம் தொடங்கிவிடும். கலிபோர்னியாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தின் வடிநீர் சாக்ரமென்டோ, சான் வாக்கீன் ஆறுகள் வழியாக இங்கே வந்து சேர்கிறது. குளிர்கால மழைக்குப் பிறகு ஆற்று நீர் பெருகி வரும் வாரங்களில் மேல்பரப்பு வற்றம் அட்டவணை சொன்னதைவிட நீண்டு, வலுத்து ஓடும். காற்றும் வளிமண்டல அழுத்தமும் தம் பங்குக்கு மாற்றும். நிலவுக்கு மழை தெரியாது. அட்டவணையும் நிலவையும் சூரியனையும் மட்டுமே பார்த்து எழுதியது.

நூற்று எழுபது ஆண்டுக் காவல்

அளவையின் கதை பழையது. 1854 ஜூன் 30 முதல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓத அளவி, அதாவது நீர்மட்டத்தின் ஏற்ற வற்றத்தைப் பதியும் கருவி, இயங்கிவருகிறது. அதை நிறுவியது அமெரிக்கக் கரையோர அளவைத் துறை. முதலில் ஃபோர்ட் பாயின்டில் இருந்தது, பிறகு சாசலிட்டோவுக்கும் அங்கிருந்து பிரிசிடியோவுக்கும் இடம் மாறியது. அமெரிக்கக் கண்டங்களில் இவ்வளவு நீண்ட தொடர் பதிவு வேறெங்கும் இல்லை.

நிறுவிய ஆறு மாதத்துக்குள், 1854 டிசம்பரில், ஜப்பானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதில் எழுந்த ஆழிப்பேரலை பசிபிக்கைக் கடந்து வந்து, இந்த அளவியின் உருளைத் தாளில் சின்னச் சின்ன நடுக்கமாகப் பதிந்தது. அத்துறையின் தலைவர் அலெக்ஸாண்டர் டல்லாஸ் பாச் அந்தக் கோட்டைப் பார்த்து, அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு பசிபிக்கின் சராசரி ஆழத்தைக் கணக்கிட்டார். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் என்று வந்தது. ஆழ்கடலில் கயிறு இறக்கி அளப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. கரையில் நின்ற ஒரு கருவியின் தாள் பெருங்கடலின் ஆழத்தைச் சொன்னது. எதற்கென்று தெரியாமலேயே தொடர்ந்து அளந்துகொண்டிருப்பதன் அருமை, எதிர்பாராத ஒரு நாளில்தான் தெரிகிறது.

மட்டத்தை அளப்பது ஓரளவு எளிது. ஓட்டத்தை அளப்பது கடினம். பழைய காலத்தில் படகை நங்கூரமிட்டு நிறுத்தி, எடை கட்டிய கழியைக் கயிற்றோடு மிதக்கவிட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு கயிறு ஓடியது என்று எண்ணினார்கள். பிறகு சுழலும் கிண்ணங்கள் கொண்ட மானிகள் வந்தன. அவையும் ஓர் ஆழத்தில் ஓர் இடத்தை மட்டுமே சொல்லும். பாசி படிந்தால் அதுவும் நின்றுவிடும்.

இந்தத் துறையைத் திருப்பிப் போட்டது ஒலி. 1982-இல் சான் டியாகோவில் ஃபிரான் ரோவும் கென்ட் டீன்ஸும் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.டி. இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த கருவி கடலடியில் அமர்ந்து மேல்நோக்கி ஒலித்துடிப்புகளை அனுப்பும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களிலும் துகள்களிலும் பட்டு எதிரொலி திரும்பும். துகள் நீரோடு நகர்வதால் எதிரொலியின் சுருதி கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து நீரின் வேகம் கிடைக்கும். எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தை வைத்து அது எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பதும் தெரியும். ஆக, ஒரே கருவி அடியிலிருந்து மேல்பரப்பு வரை அடுக்கு அடுக்காக ஓட்டத்தைச் சொல்கிறது. டாப்ளர் நீரோட்ட மானி என்று அதைச் சொல்லலாம்.

கருவி நல்லதுதான், கடல் அதைச் சும்மா விடுவதில்லை. கொட்டலசு ஒட்டும், பாசி மூடும். கப்பல் நங்கூரம் இழுத்துப் போகும், சேறு புதைக்கும். கடலடியில் கருவியை வைத்தால் அதைப் பராமரிக்க முக்குளிப்பவர்கள் வேண்டும். ஓட்டம் நின்றிருக்கும் சில நிமிடங்களுக்குள் அவர்கள் இறங்கி வேலையை முடித்து ஏற வேண்டும். அதனால் நோவா எனப்படும் தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகத்தின் பொறியாளர்கள் வேறு வழி தேடினார்கள். கடலோரக் காவல் படை ஏற்கெனவே வாய்க்காலில் மிதக்கவிட்டிருக்கும் வழிகாட்டி மிதவைகளிலேயே மானியைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சட்டகத்தை வடிவமைத்தார்கள். அதைப் பழுதுபார்க்க முக்குளிக்க வேண்டியதில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் கொண்டாடாத இந்த மாதிரி வேலைகளில்தான் ஒரு வரைபடத்தின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தம்பாவில் விழுந்த பாலம்

இந்த அளவைகளை உடனுக்குடன் கப்பலுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் ஒரு பெருந்துயரத்திலிருந்து வந்தது. 1980 மே 9 காலை, புளோரிடாவின் தம்பா விரிகுடாவில் திடீர்ப் புயல்மழை. கண் தெரியாத மழைக்குள் சம்மிட் வென்ச்சர் என்ற சரக்குக் கப்பல் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி நீரில் சரிந்தது. பாலம் அறுந்தது தெரியாமல் வந்த கார்களும் ஒரு பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 35 பேர் இறந்தார்கள். பேருந்தில் இருந்தவர்கள் மட்டும் 26 பேர்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நோவா அந்த விரிகுடாவை அளந்து, 1991-இல் முதல் உடனடித் தகவல் அமைப்பை அங்கேயே தொடங்கியது. போர்ட்ஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். நீர்மட்டம், ஓட்டம், காற்று, பாலத்துக்கும் நீருக்கும் இடையே உள்ள இடைவெளி எல்லாம் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்கும். 1990களில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் அது வந்தது. கருவிகளை வைத்துப் பராமரிக்கும் செலவு அந்தந்த ஊரைச் சேர்ந்தது. தரத்துக்கும் தரவுக்கும் பொறுப்பு நோவாவினுடையது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்தச் செலவில் கலிபோர்னியாவின் எண்ணெய்க் கசிவுத் தடுப்பு அலுவலகம் பங்கேற்கிறது. எண்ணெய்க் கப்பல் வரும் ஊரில் அந்தக் கப்பலைப் பாதுகாக்கும் அறிவுக்கு எண்ணெய்த் துறையிடமிருந்து வசூலிக்கும் பணமே போவது நியாயமான ஏற்பாடு.

மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இரவும் பகலும் ஆட்கள் உட்கார்ந்து நாடு முழுவதிலிருந்தும் வரும் எண்களைப் பார்க்கிறார்கள். ஒரு மானி பொய் சொல்லத் தொடங்கினால், அதாவது பக்கத்து மானியோடும் கணிப்போடும் பொருந்தாத எண்ணைத் தந்தால், அதை உடனே நிறுத்திவைப்பது அவர்கள் வேலை. தவறான அம்பைவிட வெறுமையான இடம் நல்லது. கப்பலை நடத்தும் பைலட் அந்த எண்ணை நம்பித்தான் பாலத் தூண்களுக்கு நடுவே கப்பலைத் திருப்புகிறார்.

கரையில் நின்று கடலைக் கேட்டவர்கள்

மானிகள் சில புள்ளிகளை மட்டுமே அறியும். முழு விரிகுடாவின் மேல்பரப்பையும் ஒரே நேரத்தில் காண ரேடார் வேண்டியிருந்தது.

நியூசிலாந்தைச் சேர்ந்த டக்ளஸ் குரோம்பி 1955-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கடலை நோக்கி அனுப்பிய ரேடியோ அலை திரும்பி வரும்போது அதன் அதிர்வெண் ஒழுங்கற்றுச் சிதறாமல், இரண்டு கூர்மையான உச்சங்களாகப் பிரிந்து வருவதை அவர் கவனித்திருந்தார். காரணத்தையும் கண்டார். ரேடியோ அலைநீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடலலைகள் மட்டுமே எதிரொலியை ஒன்றுசேர்த்துத் திருப்பி அனுப்புகின்றன. 42 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் சுமார் 7 மீட்டர். அதற்கு எதிரொலி தருவது மூன்றரை மீட்டர் நீளக் கடலலை. அந்த அளவு அலை ஆழ்நீரில் நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் ஓடும் என்பது இயற்பியல் விதி. அளந்த வேகம் அதைவிடக் கூடவோ குறையவோ இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதும் அலையைச் சுமந்து செல்லும் நீரோட்டத்தினுடையது.

இந்த எளிய எண்ணத்தை வேலை செய்யும் கருவியாக்கியவர் டான் பேரிக். கொலராடோவின் போல்டரில் நோவாவின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது அவரும் அவருடைய சகாக்களும் 1977-இல் ரேடாரால் நீரோட்டத்தை வரைபடமாக்கிக் காட்டினார்கள். பெரிய ஆன்டெனா வரிசை இல்லாமல் ஒன்றிரண்டு கம்பங்களே போதும் என்று வடிவமைத்தது அவர்கள் சாதனை. பிறகு அவர் கலிபோர்னியாவில் கோடார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகின் பல கரைகளில் நிற்பது அவருடைய கருவிதான்.

ஒரு ரேடாரால் தன்னை நோக்கி வருவதையோ விலகிப் போவதையோ மட்டும்தான் அறிய முடியும். அதனால் இரண்டு கரைகளிலிருந்து இரண்டு ரேடார்கள் ஒரே நீரைப் பார்க்க வேண்டும். இரண்டின் சொல்லையும் சேர்த்தால்தான் முழு அம்பு பிறக்கும். கலிபோர்னியா மக்கள் 2002-இல் வாக்களித்து ஒப்புக்கொண்ட பத்திரங்களிலிருந்து ஏறக்குறைய 2.1 கோடி டாலர் ஒதுக்கி, மாநிலக் கடற்கரை முழுக்க ரேடார் வலை அமைத்தார்கள். விரிகுடாவின் உள்ளே அந்த வேலையைச் செய்தது சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகம். டோபி கார்ஃபீல்ட் தலைமையில், டிபுரானில் இருந்த அதன் கடலாய்வு மையத்திலிருந்து.

ரேடாருக்கும் குறைகள் உண்டு. காற்றில்லாத விடியற்காலையில் மூன்றரை மீட்டர் நீள அலை எழாது, எதிரொலியும் வராது. மழைக்காலத்தில் ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்தால் ரேடியோ அலை நீர்ப்பரப்பில் தூரம் போகாது. இப்படிப்பட்ட இடைவெளிகளைக் கணிதத்தால் நிரப்பும் முறையை டேவிட் கேப்லான், பிரான்சுவா லெக்கியென் போன்றவர்கள் உருவாக்கினார்கள். கரையின் வடிவத்துக்குள் நீர் எப்படியெல்லாம் சுழல முடியும் என்பதை முதலில் பட்டியலிட்டு, கிடைத்த அளவுகளுக்கு ஏற்ப அந்தச் சுழல்களைக் கலக்கும் முறை அது.

வலை முழுமையாக நிமிரும் முன்பே சோதனை வந்தது. 2007 நவம்பர் 7 காலை, அடர்ந்த மூடுபனி. காஸ்கோ பூசான் என்ற கன்டெய்னர் கப்பல், விரிகுடாவின் குறுக்கே உள்ள பே பிரிட்ஜ் பாலத்தின் ஒரு தூணின் தடுப்பில் உரசியது. எண்ணெய்த் தொட்டி கிழிந்தது. முதலில் 140 கேலன்தான் கொட்டியது என்றார்கள். உண்மையில் கொட்டியது 53,000 கேலனுக்கும் மேல், அதாவது இரண்டு லட்சம் லிட்டர். வற்றத்தில் எண்ணெய் கோல்டன் கேட்டைக் கடந்து வெளியே போனது, ஏற்றத்தில் திரும்பி வந்தது. 6,800-க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்ததாகப் பிறகு மதிப்பிட்டார்கள். அந்த நாட்களில் ரேடார் வரைபடங்கள் எண்ணெய் எங்கே போகிறது என்று கணிப்பவர்களின் கைக்குப் போயின. மிதக்கும் எண்ணெய் மேல்பரப்பு ஓட்டத்தோடு போகும். காற்றின் வேகத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதம் அதைக் கூடுதலாகத் தள்ளும். ரேடார் அளப்பதும் அந்த மேல் ஒரு மீட்டர் நீரைத்தான். எண்ணெய் வந்து சேருமுன் எந்தச் சதுப்பு நிலத்தின் வாயை மிதவைத் தடுப்பால் மூடுவது என்று முடிவெடுக்க அது உதவும்.

கான்கிரீட்டில் ஒரு விரிகுடா

மானியும் ரேடாரும் இப்போது நடப்பதைச் சொல்லும். மூன்று மணி நேரம் கழித்து என்ன நடக்கும், கருவியே இல்லாத மூலையில் என்ன நடக்கிறது என்று சொல்ல மாதிரி வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவின் முதல் மாதிரியை இன்றும் நேரில் பார்க்கலாம்.

ஜான் ரீபர் என்ற நாடகத் தயாரிப்பாளர் 1940களில் விரிகுடாவின் வடக்கிலும் தெற்கிலும் அணை கட்டி, உப்பு நீரை நன்னீர் ஏரிகளாக்கலாம் என்று பிரசாரம் செய்தார். பலர் ஆதரித்தார்கள். நல்லதா கெட்டதா என்று சோதிக்க, ராணுவப் பொறியாளர் படை சாசலிட்டோவில், உலகப் போரின்போது கப்பல் கட்டிய பழைய கிடங்குக்குள், 1957-இல் விரிகுடாவையே சிறிதாக்கிக் கான்கிரீட்டில் வார்த்தது. ஒன்றரை ஏக்கர் பரப்பு. நீள அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆழத்தில் நூற்றில் ஒரு பங்கு. பம்புகள் நீரை ஏற்றி இறக்கும். ஒரு முழு நாளின் ஏற்ற வற்றம் அங்கே ஏறக்குறைய பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆழத்தை இப்படி நீட்டியதால் நீர் உண்மையைவிட வழுக்கி ஓடும். அதைச் சரிசெய்ய, தரையில் சுமார் இரண்டரை லட்சம் செம்புப் பட்டைகளை நட்டு உராய்வை ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு பட்டையையும் வளைத்தும் நிமிர்த்தியும் உண்மையான அளவைகளோடு பொருந்தும்வரை திருத்தினார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

அந்த மாதிரி தந்த விடை தெளிவாக இருந்தது: அணைத் திட்டம் நடக்காது. விரிகுடா விரிகுடாவாகவே பிழைத்ததில் அந்தக் கான்கிரீட் தளத்துக்குப் பங்கு உண்டு. ஆய்வுப் பணி 2000-இல் முடிந்தது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள்.

அதன் இடத்தைப் பிடித்தது கணிதம். விரிகுடாவின் மறுகோடியில் மென்லோ பார்க்கில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தில் ரால்ஃப் செங் பணியாற்றினார். இத்தாலியின் திரெந்தோ பல்கலைக்கழகக் கணிதவியலாளர் வின்சென்சோ கசூல்லி அவருடைய கூட்டாளி. அவர்கள் முன் இருந்த சிக்கல் இது. விரிகுடாவைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நீர் எப்படி நகரும் என்று கணக்கிட வேண்டும். நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஓட்டத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். நூறு மீட்டர் ஆழத்தில் நொடிக்கு முப்பது மீட்டருக்கும் மேல். பழைய முறைப்படி இருநூறு மீட்டர்க் கட்டத்துக்கு ஏழு நொடிக்குக்கூட ஒரே தாவலில் போக முடியாது. போனால் கணக்கு வெடித்துச் சிதறும். ஏழு நொடிக்கும் குறைவான அடிகளாக வைத்து மாதக்கணக்கில் கணக்குப் போட அந்தக் காலக் கணினிகளால் இயலவில்லை.

கசூல்லியின் வழி நேர்த்தியானது. வேகமாகப் பரவும் பகுதியை மட்டும் எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் தீர்க்க வேண்டும். மெதுவாக நகரும் பகுதிகளைத் தனித்தனியே விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் நொடிகளுக்குப் பதில் நிமிடங்களாக அடி வைக்கலாம். ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளியே தெரியும் சேற்றுத் திட்டுகளையும் அந்தக் கணக்கு சரியாகக் கையாண்டது. கசூல்லி, செங், நீரோட்ட மானிகளில் தேர்ந்த ஜெஃப்ரி கார்ட்னர் மூவரும் 1993-இல் இதை விரிகுடாவுக்குப் பொருத்திக் காட்டினார்கள். செங்கும் ரிச்சர்ட் ஸ்மித்தும் 1998-இல் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். போர்ட்ஸ் கருவிகளின் உடனடி அளவுகளோடு மாதிரியை இணைத்து, இந்த நேரத்து நீரோட்டத்தை இணையத்தில் காட்டினார்கள். தொலைபேசிக் கம்பியில் இணையம் முனகிக்கொண்டு வந்த காலத்தில் ஒரு பாய்மரப் படகுக்காரர் வீட்டிலிருந்தே விரிகுடாவின் ஓட்டத்தைப் பார்த்தார்.

இப்போது நோவா 2014 முதல் நடத்தும் முன்கணிப்பு, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாங்ஷெங் சென்னும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய மாதிரியைப் பயன்படுத்துகிறது. அதில் சதுரக் கட்டங்கள் இல்லை, முக்கோணங்கள். வெளிக்கடலில் பெரிதாகவும் துறைமுக வாய்க்கால்களில் மிகச் சிறிதாகவும் அவை நெய்யப்பட்டிருக்கின்றன. நாளுக்கு நான்கு முறை, அடுத்த இரண்டு நாட்களுக்கான ஓட்டத்தை அது சொல்கிறது.

இந்த மாதிரிகள் பின்னோக்கியும் ஓடும். 1962 ஜூன் 11 இரவு, விரிகுடாவுக்குள் இருக்கும் அல்காட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து ஃபிராங்க் மோரிஸும் ஆங்லின் சகோதரர்கள் இருவரும் மழைக்கோட்டுகளைத் தைத்துச் செய்த மிதவையில் தப்பினார்கள். பிறகு அவர்களை யாரும் காணவில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் ஹுட், ஒலிவியர் ஹூஸ் ஆகியோரும் டெல்டாரஸ் ஆய்வு நிறுவனத்தின் ஃபெடோர் பார்ட்டும் 2014-இல் அந்த இரவின் ஓட்டத்தைக் கணினியில் மீண்டும் ஓடவிட்டார்கள். முன்னிரவில் கிளம்பியிருந்தால் வற்றம் அவர்களைக் கடலுக்கு இழுத்துச் சென்றிருக்கும். நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி வடக்கு நோக்கித் துடுப்பு வலித்திருந்தால், கோல்டன் கேட் பாலத்தின் வடமுனையில் கரையேறியிருக்க வாய்ப்புண்டு. அங்கே கைவிட்ட துடுப்பு ஏற்றத்தோடு ஏஞ்சல் தீவுப் பக்கம் மிதந்திருக்கும். துப்பறிவாளர்கள் துடுப்பைக் கண்டதும் அந்தப் பக்கம்தான். பிழைத்தார்களா என்று நீரோட்டம் சொல்லாது. எந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கு வழி திறந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

நம் கரையில்

இதே கருவிகள் நம்மிடமும் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியக் கரையோரத்தில் ரேடார் வலை அமைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அவை கல்பாக்கத்திலும் கடலூரிலும் நின்று ஒரே கடலைப் பார்க்கின்றன; கரையிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர்வரை எட்டக்கூடிய வகை. தரவு ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையத்துக்குப் போகிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அது எந்தப் பக்கம் போகும் என்ற கணிப்பை அந்த மையம் வெளியிட்டது. கணித்த மென்பொருளின் அடித்தளம் நோவா உருவாக்கியது. எர்ணாவூரில் இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த காட்சியை நாம் மறக்கவில்லை. கணிப்பு இருந்தது. ஆனால் அது எந்தக் குப்பத்துக்கு, எத்தனை மணிக்கு, யார் கைப்பேசிக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வி அன்றைக்குக் கேட்கப்படவே இல்லை. கலிபோர்னியாவிலிருந்து கற்க வேண்டியது ரேடாரைவிட, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும் அந்தப் பக்கத்தை என்றே நான் நினைக்கிறேன்.

மாறும் தரை

வரைபடம் ஒருமுறை வரைந்து முடிப்பதல்ல. அடியில் தரையே மாறுகிறது. சியரா நெவாடா மலைகளில் தங்கம் தேடியவர்கள் பீச்சியடித்த நீரில் கரைந்த மண் விரிகுடாவை எப்படி நிரப்பியது என்பதைப் புவியியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் 1917-இலேயே அளந்து எழுதினார். விரிகுடா ஆழம் குறைந்தால் போய்வரும் நீர் குறையும், கோல்டன் கேட்டின் ஓட்டமும் தளரும், வாய்க்கு வெளியே உள்ள மணல் திட்டும் மாறும் என்று அவர் எச்சரித்தார்.

இப்போது எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நடக்கிறது. தென் விரிகுடாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உப்பளமாக இருந்த 15,100 ஏக்கர் நிலத்தை 2003-இல் அரசு வாங்கி, சதுப்பு நிலமாக மீட்டுவருகிறது. கரை உடைத்துக் கடல்நீரை உள்ளே விடும்போது ஓடையில் போய்வரும் நீர் பெருகும், ஓட்டம் வலுக்கும், அடிமண் அரிக்கும். அல்விசோ ஓடையின் அடிச்சேற்றில் பழைய நியூ அல்மடேன் சுரங்கங்களின் பாதரசம் படிந்திருக்கிறது. 2011 ஜூனில் அங்கே ஓர் உப்பளத்தின் மதகைத் திறந்தபோது அந்தச் சேறு எவ்வளவு கிளம்பும் என்பதுதான் எல்லோர் கவலையும். அதனால் புவியியல் ஆய்வகத்தின் புரூஸ் ஜாஃபியும் ஏமி ஃபாக்ஸ்குரோவரும் அவர்கள் குழுவும் 2010 முதல் ஒலிக்கருவி பொருத்திய படகில் அந்த ஓடையைத் திரும்பத் திரும்ப அளந்துவந்தார்கள். ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் படகு உள்ளே போக முடியும். ஒவ்வொரு அளவைக்குப் பிறகும் தரையின் புதிய ஆழங்கள் கிடைக்கும். மாதிரியில் அந்த முக்கோணங்களின் ஆழத்தையும் மாற்ற வேண்டும்.